தலைவலிக்குக் கலவையைக் குறை சொல்லாதீர்கள்

பீர் குடித்துவிட்டுப் பிராந்தியைத் தொட்டால் மறுநாள் தலை தூக்க முடியாது என்பது குடிப்பவர்களிடையே எழுதாத சட்டம். ஜெர்மனியிலும் பீருக்குப் பின் ஒயின் குடிக்கலாம், ஒயினுக்குப் பின் பீர் ஆகாது என்று எதுகையோடு ஒரு சொலவடை உண்டு. ஊர் மாறினாலும் நம்பிக்கை ஒன்றுதான்: பானங்களைக் கலந்ததும் வரிசை மாறியதும்தான் வினை. இதற்கு ஆதாரம் இல்லை. அதைவிட மோசம், குடித்த அளவைப் பற்றிய பேச்சே எழாமல் இந்த நம்பிக்கை பார்த்துக்கொள்கிறது.

அந்தச் சொலவடையை ஜெர்மனியின் விட்டன்/ஹெர்டெக்கே பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதித்தன. முடிவு 2019இல் வெளியானது. 19 முதல் 40 வயது வரையிலான 90 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு முதலில் பீர், பிறகு வெள்ளை ஒயின் குடித்தது; இன்னொன்று முதலில் ஒயின், பிறகு பீர்; மூன்றாவது குழுவினர் ஏதேனும் ஒன்றை மட்டும் குடித்தார்கள். மூச்சில் ஆல்கஹால் 0.11 சதவீதத்தைத் தொடும்வரை எல்லோருக்கும் ஊற்றப்பட்டது. ஒரு வாரம் கழித்துப் பானங்களையும் வரிசையையும் மாற்றி மறுபடி சோதித்தார்கள். தலைவலி, குமட்டல், தாகம், சோர்வு ஆகியவற்றுக்கு மறுநாள் மதிப்பெண் போட்டபோது, குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுநாள் அவதியைச் சரியாக முன்கூட்டிச் சொன்னவை இரண்டுதான்: போதை எவ்வளவு ஏறியதாக அவரவர் உணர்ந்தார்கள் என்பதும், வாந்தி எடுத்தார்களா என்பதும்.

'கலந்த அன்றுதான் எனக்குத் தலை வெடித்தது' என்று பலர் சொல்லக்கூடும். அது பொய்யல்ல, காரணம்தான் வேறு. கலந்து குடிக்கும் இரவு பெரும்பாலும் நீளமான இரவு. அன்று கணக்கும் தவறும். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது சுமார் 77 மில்லி. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் இருப்பது சுமார் 32 மில்லிதான். பீர் குடித்த வேகத்திலேயே பிராந்தியையும் குடித்தால், இரண்டு பாட்டில் பீருக்கும் மேலான சரக்கு கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும். கல்லீரல் தன் நிதான வேகத்தில்தான் வேலை செய்யும். எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை.

ஆய்வில் பீரும் ஒயினும்தானே இருந்தன, விஸ்கி இல்லையே என்பது நியாயமான ஆட்சேபம். பானத்துக்குப் பானம் வித்தியாசம் உண்டு என்பதும் உண்மை. நொதித்தலிலும் மரப்பீப்பாயில் ஊறுவதிலும் சேரும் துணைப்பொருட்கள், வோட்காவைவிட அமெரிக்காவின் பர்பன் விஸ்கியில் 37 மடங்கு அதிகம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வோட்கா குடித்தவர்களைவிடப் பர்பன் குடித்தவர்களுக்கே மறுநாள் உபாதை கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் எதையும் கலக்கவில்லை. பர்பனை மட்டும்தான் குடித்தார்கள். குற்றம் பானத்தில் இருக்கலாம், கலப்பதில் இருப்பதாக அது காட்டவில்லை. கவனமும் செயல்வேகமும் இரு தரப்பிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

கலந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரும் இதைத் தைரியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'நான் கலக்கவே இல்லை, தெளிவாக இருக்கிறேன்' என்று காலையில் வண்டிச் சாவியை எடுப்பவருக்குத்தான் இது முதலில் எச்சரிக்கை. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஜெர்மன் ஆய்வில் எட்டிய அளவு ஏறக்குறைய 110 மில்லிகிராம். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்தால், நள்ளிரவில் அந்த நிலையில் படுத்தவர் காலை ஐந்து மணிக்கும் சட்ட வரம்புக்குக் கீழே வந்திருக்க மாட்டார். அவர் குடித்தது ஒரே பிராண்டா, நான்கு வகையா என்பது ஊதிப் பார்க்கும் கருவிக்குத் தேவையில்லாத விவரம்.