பூட்டானில் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்

பூட்டான் போகலாம் என்றால் நண்பர்களிடமிருந்து முதல் கேள்வி 1,200 ரூபாயைப் பற்றித்தான் வருகிறது. கொரோனாவுக்காக மூடிய எல்லையை 2022 செப்டம்பரில் திறந்தபோது, இந்தியர்களிடமும் தலைக்கு ஓர் இரவுக்கு இந்தக் கட்டணத்தை வாங்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் நாலு பேர் ஐந்து இரவு தங்கினால் 24,000 ரூபாய். கையைக் கடிக்கத்தான் செய்யும். ஆனாலும் அது நியாயமான கட்டணம் என்பேன்.

பாரோவில் தக்சங் மடத்துக்கு ஏறியவர்களுக்கு இது புரியும். பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. குரு பத்மசம்பவர் தியானம் செய்ததாக நம்பப்படும் குகையைச் சுற்றி 1692-ல் எழுப்பிய மடம். 1998-ல் தீயில் அழிந்து, பழைய வடிவிலேயே மறுபடி எழுந்தது. ரோப் கார் கிடையாது. குதிரையும் பாதி வழிதான். பைன் காட்டு மண்பாதையில் ஏறி, படியிறங்கி, அருவியோரப் பாலத்தைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். வாசலிலேயே பை, போன், கேமரா எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். உள்ளே அரையிருட்டு, வெண்ணெய் விளக்கின் வாசம். என் பக்கத்தில் ஒரு பாட்டி மூச்சு வாங்கியபடியே மூன்று முறை விழுந்து வணங்கி எழுந்தார். படமெடுக்க வழியில்லாததால் எல்லோரும் பேசாமல் நின்று பார்த்தோம்.

பூட்டானில் கங்கர் புயின்சும் என்றொரு சிகரம், 7,570 மீட்டர். மனிதர் கால் படாத மலைகளில் உலகிலேயே உயரமானது என்கிறார்கள். ஏறவிட்டால் டாலர் கொட்டும். ஆனால் சிகரங்களில் தெய்வங்கள் குடியிருக்கின்றன என்பது ஊராரின் நம்பிக்கை. அதனால் 1994-ல் 6,000 மீட்டருக்கு மேல் ஏறத் தடை போட்டார்கள். 2003-ல் மலையேற்றத்தையே நிறுத்திவிட்டார்கள். நாட்டில் 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியல் சட்டத்திலும் எழுதி வைத்தார்கள். எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, வரும்படியை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய இடம் அது. பார்க்கப் போகிறவர்கள் பங்கு கொடுப்பதில் என்ன தவறு?

பூட்டானை மகிழ்ச்சி நாடு என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை. ஒரே உடை, ஒரே பண்பாடு என்ற அரசின் வற்புறுத்தலைத் தொடர்ந்து, 1990-களில் நேபாளி பேசும் தென்பகுதி மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நேபாளத்து அகதி முகாம்களில் போய் விழுந்தார்கள். பெரும்பாலோர் பிறகு அமெரிக்காவில் குடியேறினார்கள். அழகான பள்ளத்தாக்குகளைப் பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டும்.

போகிறவர்கள் செலவுக்குப் பயந்து மூன்று நாளில் திம்பு, புனாகா, பாரோ என்று ஓடாதீர்கள். இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். ஆதாரைக் காட்டி எல்லை தாண்ட முடியாது.