முன்னாள் வீரருக்குக் கடன் மட்டும் போதாது, கொள்முதலும் வேண்டும்

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை எட்டும் முன்பே ஊர் திரும்பிவிடுகிறார். 15 ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் ஓய்வூதியம் உண்டு. ஆனால் பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் இருபது ஆண்டுகளாவது உழைத்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பெயர் பெற்றது வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை. அந்தப் பக்கத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே திரும்பினால் ஒரகடம். கார், லாரி, டயர், கைபேசி என எல்லாம் உருவாகும் இந்த வட்டாரத்தில் முன்னாள் வீரருக்கு எளிதில் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. அது கௌரவமான வேலைதான். ஆனால் தளவாடக் கணக்கையும் ஆட்களையும் பொறுப்பாக நிர்வகித்தவருக்கு வாயிற்கதவு மட்டும்தானா வழி?

தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை அறிவித்தது. முன்னாள் வீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், வட்டியில் 3 சதவீத மானியம். நல்ல திட்டம். என்றாலும் சிறுதொழில் பெரும்பாலும் தடுமாறுவது விற்பனையில்தான். பொருளை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்குக் கடன் பத்திரத்தில் பதில் கிடையாது.

பதில் ஒரகடத்தின் கேன்டீன்களில் இருக்கிறது. பெரிய ஆலைகளில் கேன்டீன் வேண்டும் என்கிறது சட்டம். ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு டீ, ஒரு டீக்கு இரண்டு கிராம் தூள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20 கிலோ. 300 வேலை நாட்களுக்கு 6 டன். ஓர் ஆலைக்கே இவ்வளவு.

தூளுக்கு எங்கும் தேட வேண்டாம். மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனைச் சுற்றிலும், குன்னூர், கோத்தகிரி சரிவுகளிலும் குடும்பத்தோடு பாடுபடும் சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை ஒருங்கிணைக்கும் இண்ட்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது. இந்தக் குடும்பங்களின் தேயிலையை விற்று ஓய்வுபெற்ற வீரர்களைத் தாங்கும் யோசனைக்கு நீலகிரியில் எல்லாமே தயாராக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரி விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கும் அதிகமான இலை தேவை. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அடி அந்தக் குடும்பத்துக்குத்தான். வீரருக்கு உதவுகிறோம் என்று சொல்லி இலையின் விலையில் கை வைத்தால், ஓர் ஏழையின் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பரிமாறியதாகிவிடும். வீரருக்கான வருமானம் பொட்டலமிடுவதிலும், லாரியில் கொண்டுவருவதிலும், கேன்டீனுக்கு நேரடியாக விற்பதிலும் வர வேண்டும். இலை விலையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நிறுவனங்கள் கொடிநாளுக்குக் காசோலை தருவதும், சமூகப் பொறுப்பு நிதியில் முன்னாள் வீரர்களுக்குச் செலவிடுவதும் வரவேற்கத்தக்கவை. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் நன்கொடை ஆண்டுக்கொரு முறை வரும். டீ ஒவ்வொரு ஷிப்ட்டிலும் செலவாகும். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

அவசரமும் இருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். மற்றவர்கள் நான்கு ஆண்டுகளில், ஓய்வூதியம் இல்லாமல், சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகையோடு இருபதுகளிலேயே வீடு திரும்புவார்கள். முன்னாள் வீரர்களுக்கு வேலை தரும் டெக்ஸ்கோ, தேயிலையைக் கையில் வைத்திருக்கும் இண்ட்கோசர்வ், ஆலைகளுக்கு நிலம் தந்த சிப்காட் மூன்றும் மாநில அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. மூன்றையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரகடத்தில் நான்கைந்து ஆலைகளோடு மூன்றாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் போட வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.