விட்ஸுக்கு எதற்கு 95?

"இது மலை ரோட்டு தம்பி. 92 அடிச்சா ஏத்தத்துல இழுக்காது, 95 அடிங்க." போன வாரம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில், பழைய டொயோட்டா விட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கும் என் மருமகனுக்குப் பின்னால் நின்றவர் சொன்ன புத்திமதி இது. அவனும் தலையாட்டிவிட்டு 95 அடித்துக்கொண்டான். சம்பளத்தில் பாதியை லீசிங்குக்குக் கட்டுகிற பையன். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பேராதனையிலும் இதே பேச்சு, அம்பிட்டியவிலும் இதே பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தலிலும் இதே பேச்சு.

95 என்பது பலத்தின் அளவல்ல. சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் அமுக்கப்படும்போது, பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்தால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். கராஜ்காரர்கள் நொக்கிங் என்பது இதைத்தான். அப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே ஒக்டேன் எண். லீற்றருக்குள் இருக்கும் சக்தி 92, 95 இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டாத எஞ்சினுக்குள் 95 போய் எதைத் தடுக்கப் போகிறது?

விட்ஸ் எங்கே பிறந்தது? ஜப்பானில். அங்கே சாதாரண பெற்றோலுக்கு அந்நாட்டுத் தரநிலை கேட்பது குறைந்தது 89 ஒக்டேன், உயர்ரகத்துக்கு 96. விட்ஸ் அந்தச் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட கார். நம்முடைய 92 அந்த 89ஐவிட மூன்று படி மேலே நிற்கிறது. கண்டி வீதிகளை நிறைத்திருக்கும் அக்வாவும் வேகன் ஆரும் அப்படித்தான். டொயோட்டாவின் பொறியியலாளர்கள் சாதாரண பெற்றோல் போதும் என்று புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர் போதாது என்கிறார். நாம் வரிசையில் நிற்பவரை நம்புகிறோம்!

மலை என்ற காரணம்தான் எல்லாவற்றிலும் மோசம். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், நொக்கிங் வரும் வாய்ப்பும் குறையும். அமெரிக்காவின் ரொக்கி மலை மாநிலங்களில் சமவெளியில் விற்பதைவிட ஒக்டேன் குறைந்த பெற்றோலைத்தான் நெடுங்காலமாக விற்கிறார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் மெனுவல் கார் திணறித் தட்டினால், ஓட்டுபவர் நாலாம் கியரிலேயே அதை வதைக்கிறார் என்று அர்த்தம். மூன்றுக்கு இறக்குங்கள், இரண்டுக்கு இறக்குங்கள். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

உயர் அமுக்கத்தில் ஓடும் சில ஐரோப்பிய டர்போ கார்களுக்கு 95 வேண்டும்தான். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து அடிக்கட்டும். விட்ஸ்காரருக்கு என்ன வந்தது? 2022 ஜூன் கடைசியில் 92 ஒரு லீற்றர் 470 ரூபாய், 95 ஒரு லீற்றர் 550 ரூபாய். ஒரு லீற்றருக்கு 80 ரூபாய் கூட. அந்த நாட்களை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா?

ஓட்டோ ஓட்டும் தம்பிமார் மாதம் ஒருமுறை 95 அடித்து "எஞ்சினைக் கழுவுகிறார்கள்". எஞ்சினுக்குள் அழுக்குச் சேராமல் பார்ப்பது பெற்றோலில் கலக்கும் துப்புரவுச் சேர்மங்கள். ஒக்டேன் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாள் முழுக்க டவுனுக்கும் அம்பிட்டியவுக்கும் ஓடிச் சம்பாதித்த காசு அது. ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரர் வேறு, "ஒக்டேன் பூஸ்டர்" என்று ஒரு போத்தலையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களை யானை விலைக்கு விற்றார்கள், வாங்கினோம். அந்தக் காருக்கு உண்மையில் தேவைப்படுவதை யார் கவனிக்கிறார்கள்? ஏயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், திகன வீதித் தூசி முழுக்க அதற்குள் கறுத்துக் கிடக்கும். டயரில் காற்றுக் குறைந்தாலே பெற்றோல் கூடக் குடிக்கும். 95 தீர்ந்துவிட்டது என்றால் முகம் சுளிக்கிற நாம், ஷெட்டில் காற்றடிக்கும் மெஷின் மாதக்கணக்கில் உடைந்து கிடப்பதைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேளுங்கள்.