படகுக்கும் வயது உண்டு!

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். வயது தெரிந்துவிடுகிறது. படகு வாங்குகிறவர் எதைப் பிடித்துப் பார்ப்பது?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017-ல் 61 நாட்களாக நீட்டப்பட்டது. அந்த நாட்களில் படகுகள் கரையேறுகின்றன. தச்சருக்கும் என்ஜின் மெக்கானிக்குக்கும் ஓய்வே இருக்காது. செலவுக் கணக்கைப் பார்க்கும்போதுதான் உரிமையாளர் மனத்தில் அந்தக் கேள்வி எழுகிறது: “இன்னும் ஓர் ஆண்டு ஓட்டுவதா, விற்றுவிடுவதா?”

கட்டுமரக்காரருக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கலம் அது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம். ஒரு கட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

விசைப்படகு அப்படி அல்ல. மரத்தைக் கடற்புழு துளைக்கிறது. ஆணி துருப்பிடிக்கிறது. பனிக்கட்டி உருகிய நீரில் பலகை ஊறுகிறது. இரும்புப் படகானால் உப்புநீர் தகட்டைத் தின்கிறது. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு பெருகிய பைபர் படகுகளைப் புழு தொடாது. ஆனால் மணலில் மோதி மோதி அவற்றிலும் கீறல் விழுகிறது. இத்தனையும் புது வர்ணத்துக்குள் மறைந்துவிடும்!

ஏன் விற்பதில்லை?

சிலருக்கு அது ராசியான படகு. அதை விற்க மனம் வராது. சிலர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். கடன் தீராமல் படகை விற்க முடியாது. வேறு சிலர், அதே கடனை அடைக்க நல்ல படகையே விற்றுவிடுகிறார்கள். ஆக, படகு கைமாறும் நாளைப் பலகை தீர்மானிப்பதில்லை, கடன்தான் தீர்மானிக்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. படகின் விலை குறையக் குறைய, அதை வாங்குகிறவரின் வசதியும் குறைகிறது. பழுது பார்க்கப் பணம் உள்ளவரிடம் படகு புதிதாக இருக்கிறது. பணம் இல்லாதவரிடம் போய்ச் சேரும்போது அது கிழடாகிவிடுகிறது.

ஆபத்து யாருக்கு?

படகு உரிமையாளரின் சொத்துதான். ஆனால் அதில் கடலுக்குப் போகிறவர்களில் பலர் பங்குக்கும் கூலிக்கும் உழைப்பவர்கள். நடுக்கடலில் பலகை விட்டுப்போனால் உரிமையாளருக்குப் போவது பணம். அவர்களுக்குப் போவது உயிர் அல்லவா?

பாக் நீரிணைப் பகுதியில் இழுவலைப் படகுகளை விட்டு ஆழ்கடல் படகுகளுக்கு மாற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. மீன்வளத்தைக் காப்பது அதன் நோக்கம். 2,000 படகுகள் இலக்கு. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, 70 சதவீதத்தை மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தர முன்வந்தன. மீதியில் 16 லட்சம் கடன். 8 லட்சம் கைப்பணம். ஆயினும் எதிர்பார்த்த வேகத்தில் படகுகள் மாறவில்லை. ஏற்கெனவே கடனில் இருக்கிறவர் 8 லட்சத்துக்கு எங்கே போவார்? மானியம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. ஏழையின் கைக்கு எட்டவும் வேண்டும்.

செய்ய வேண்டியது

தடைக்காலத்தில் மீன்துறை அதிகாரிகள் படகுகளைப் பார்வையிடுகிறார்கள். அப்போதே அடிப்பகுதியின் நிலையையும், என்ஜினின் வயதையும் எழுதிப் பதிவுச் சான்றோடு சேர்த்து வைக்கட்டும். படகு வாங்குகிறவர் பணம் கொடுக்குமுன் அதைப் படித்துப் பார்க்கட்டும். கடலுக்கு ஆகாது என்று தெரிந்த படகை உடைத்துவிட முன்வருகிறவருக்கு நியாயமான தொகை கொடுக்கலாம். என்ஜினையும் இரும்பையும் அவர் தனியே விற்றுக்கொள்வார்.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. மீன் நன்றாகக் கிடைக்கும் மாதங்களில் அடுத்த படகுக்கென்று ஒரு சிறு பங்கு ஒதுக்கினால், வியாபாரியின் முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

ஒரு படகை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளலாம்? ஐந்தா, பத்தா, இருபதா? இதற்கு ஒரே கணக்குதான் உண்டு. தன் சொந்த மகனை அதில் அனுப்ப உரிமையாளர் எந்த நாளில் தயங்குகிறாரோ, அந்த நாளோடு அதன் காலம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு அதை ஓட்டக்கூடாது. இன்னொருவர் மகனுக்காக விற்கவும் கூடாது!