தடுத்த கையும் விலை பேசிய கையும்

ஒழுக்கத்தைக் காக்கிறோம் என்று பணப்பெட்டியின் மேல் அமர்ந்து பேசுவோரை நாம் நம்புவதில்லை. பிரித்தானியாவில் 1976, 1977ஆம் ஆண்டுகளில் பங்க் ராக் இசைக்கும் இசைத்தட்டு முதலாளிகளுக்கும் மூண்ட மோதலை அறிந்த எவரும் நம்பார்.

பங்க் ராக் என்பது யாது? வேலையின்மையும் விலைவாசி உயர்வும் வாட்டிய காலத்தில், சங்கீதப் பயிற்சியோ சீமான்களின் ஆதரவோ இல்லாத இளைஞர், கையிற் கிடைத்த கிற்றாரை மீட்டி எழுப்பிய முரட்டுக் குரல். இனிமை அதில் இல்லை என்பார் உளர். இருக்கட்டும். வயிறெரிந்தவன் சுருதி பிசகாமற் பாடவேண்டும் என்று எந்தச் சட்டம் விதித்தது?

அவ்விளைஞருள் ஒரு குழுவினர் செக்ஸ் பிஸ்டல்ஸ். 1976 ஒக்டோபரில் ஈ.எம்.ஐ. என்னும் பெருங் கம்பனி அவர்களை 40,000 பவுணுக்கு ஒப்பந்தம் செய்தது. டிசம்பர் 1ஆந் திகதி தொலைக்காட்சியிலே, நிகழ்ச்சி நடத்தியவரே சீண்டிவிட, அவர்கள் வசைமொழி பேசினர். பத்திரிகைகள் கூக்குரலிட்டன. 1977 ஜனவரியில் கம்பனி அவர்களைக் கைகழுவியது. இராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்து விற்கக் கூசாத அந்தக் கம்பனிக்கு, நான்கு இளைஞரின் வாய்ச்சொல் மட்டும் கூசிற்றாம்!

மார்ச் மாதத்தில் ஏ அன்ட் எம் கம்பனி, பக்கிங்காம் அரண்மனை வாசலில் விளம்பரத்துக்கென ஒப்பந்தச் சடங்கு நடத்திற்று. ஒரு வாரத்துக்குள் அவர்களை விலக்கி, அச்சிட்ட ஆயிரக்கணக்கான தட்டுகளை அழித்தது. வேர்ஜின் கம்பனி மே மாத இறுதியில் அப்பாடலை வெளியிட்டது. அரசியாரின் வெள்ளிவிழாவை எள்ளிய பாடல் என்று பி.பி.சி. அதனை ஒலிபரப்ப மறுத்தது. மறுத்தும், விழா வாரத்திலேயே விற்பனைப் பட்டியலில் அது இரண்டாமிடம் பெற்றது.

வசைமொழிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே. ஒக்டோபரில் இனித்த முரட்டுத்தனம் ஜனவரியிற் கசந்தது ஏன்? ஒழுக்கம் இடையிற் பிறந்ததா? இல்லை. இலாபக் கணக்கு மாறிற்று. கணக்கு மீண்டும் மாறியபோது, 1992இல், அதே ஈ.எம்.ஐ. வேர்ஜின் இசைத்தட்டுக் கம்பனியையே விலைக்கு வாங்கிற்று. முன்வாசலால் துரத்திய பாடல்களைக் கொல்லைப்புறத்தால் வருமானமாக வரவேற்றது. தடுத்த கையும் விலை பேசிய கையும் ஓருடம்பின் இரு கைகளே.

தடையைவிடக் கொடியது ஒப்பந்தம். கிளாஷ் குழுவினர் 1977இல் சி.பி.எஸ். கம்பனியிடம் 100,000 பவுணுக்கு ஒப்பமிட்டனர். சில மாதங்களில், அவர்களைக் கேளாமலே அவர்களின் பாடலொன்றைக் கம்பனி தனித்தட்டாக வெளியிட்டது. சீறிய அவர்கள் கம்பனியைக் கண்டித்தே ஒரு பாடல் இயற்றினர். அதனையும் வெளியிட்டு விற்றது அதே கம்பனிதான். எதிர்ப்புக்கும் விலைச்சீட்டு ஒட்டத் தெரிந்தவனிடம் கோபத்தை மட்டும் காட்டி என்ன பயன்?

உண்மையான அடி வேறிடத்தில் விழுந்தது. மான்செஸ்டர் நகரத்துப் பஸ்கொக்ஸ் குழுவினர் உறவினரிடமும் நண்பரிடமும் 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தம் சொந்த முத்திரையில் 1,000 தட்டுகளை வெளியிட்டனர். எந்தக் கம்பனியின் படியிலும் ஏறவில்லை. எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அதே ஆண்டில் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்னும் குழு, தன் முதலாவது தட்டுக்குச் செலவான தொகை 153 பவுணே என்று பகிரங்கமாக அறிவித்து, பிறரையும் அவ்வாறே செய்யத் தூண்டிற்று. இலண்டனில் 1976இல் திறக்கப்பட்ட ரஃப் ட்ரேட் கடை இத்தகைய தட்டுகளை விற்றது; பின்னர் ஊரூராக அனுப்பவும் முற்பட்டது. பெருங் கம்பனிகள் தேவரகசியமாகப் போற்றிய தொழில், சாமானியரின் கைக்கு எட்டும் தொழிலெனத் தெரிந்துவிட்டது.

விளைப்பவன் ஒருவன், விலை சொல்பவன் மற்றொருவன் என்றிருக்கும் வரை, விளைப்பவன் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் தராசு அசையாது. வயலில் நிற்பவருக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாட்டிலும் நியதி அதுவே. அரண்மனை வாசலில் நின்று வைதவர்களை முதலாளிகள் மன்னித்தனர், வாங்கியும் கொண்டனர். 500 பவுணோடு தம் காலில் நின்றவர்களையோ அவர்களால் விலக்கவும் முடியவில்லை. விலக்குவதற்கு அங்கே ஒப்பந்தமே இருக்கவில்லை. குரல் வேண்டுவோர் முதலில் அச்சையும் சந்தையையும் தமதாக்கிக்கொள்க!