சிவப்பு மங்கிய கண்ணுக்கு எத்தனை சதவீதம்?

கெலவரப்பள்ளி என்றாலே செய்திகளில் வருவது அணையில் பொங்கும் நுரைதான். பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து இங்கே நுரையாக நிற்கிறது. அதைப் படம் எடுக்க முடியும், அதனால் செய்தியாகிறது. நான் எழுதப்போவது படம் எடுக்க முடியாத ஒரு பாதிப்பைப் பற்றி.

அணைக்குப் பக்கத்துக் காலனியில் 26 வயதுப் பெண் ஒருவர். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நிறம் பார்த்து ஒயர் கோர்ப்பது. ஒரு நாள் இடது கண்ணை அசைத்தாலே வலித்தது. சில நாளில் அந்தக் கண்ணுக்குச் சிவப்பு ஒயர் வெளுத்துத் தெரிந்தது. வேலையில் தப்பு விழுந்தது. "சோம்பேறித்தனத்துக்குக் கண்ணு மேல பழி போடாதே" என்றார் சூப்பர்வைசர். கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கினார். ஒரு மாதத்தில் பார்வை ஓரளவு தெளிந்தது, அத்தோடு விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு கால் மரத்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். பெயரில் தண்டுவடம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் நோய் மூளையையும் பார்வை நரம்பையும் சேர்த்தே தாக்குகிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கண்தான் முதல் அறிகுறி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள்.

அவருக்கு நான் ஒயரை வைத்தே விளக்கினேன். ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே செம்பு. நரம்புக்கு மேலே மயலின் உறை, உள்ளே நரம்பிழை. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரித்துவிடுகிறது. உறை ஓரளவு திரும்ப வளரும்; அதனால்தான் பார்வை தெளிந்ததுபோல் இருக்கும். உள்ளே இழை அறுந்துவிட்டால் மீண்டும் வளராது. ஒரு கண்ணின் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அவை அழியும்போது விழித்திரையில் உள்ள நரம்பணுக்களும் சாகின்றன. ஓசிடி என்ற ஸ்கேன் இந்த மெலிவை அளந்து காட்டும்.

ஆனால் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை இவர்களில் பலர் சரியாகவே படித்துவிடுவார்கள். வெள்ளையில் கொட்டை எழுத்துக் கறுப்பு தெரியும். மங்கல் வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு தெரியாது. உடல் சூடேறினால் பார்வை இன்னும் மங்கும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890இலேயே இதைப் பதிவு செய்தார். தகரக் கூரை ஷெட்டில் மதிய ஷிப்ட் பார்க்கிறவருக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இந்த நோயைப் பெயர் சொல்லி 21 வகைகளில் சேர்த்தது. அது பெரிய வெற்றி. ஆனால் இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். குறைபார்வை என்பதை "நல்ல கண்ணில்" 6/18 என்ற அளவிலோ, பார்வைப் பரப்பின் குறுக்கத்திலோ பார்க்கிறது சட்டம். நிறம் வெளுப்பதற்கும், மங்கல் வெளிச்சத்தில் தடுமாறுவதற்கும் அதில் இடம் இல்லை. அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கும் 34ஆம் பிரிவைப் படியுங்கள்: பார்வை, செவி, கை கால், மனநலம் எல்லாம் இருக்கின்றன, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரே இல்லை. உயர்கல்வியில் 5 சதவீதம் தரும் 32ஆம் பிரிவு மட்டும் எல்லா வகைக்கும் பொருந்தும், அங்கும் 40 சதவீதம் இருந்தால்.

இது எப்படிச் சாதிப் பிரச்சினை என்று கேட்பீர்கள். நோய் சாதி பார்த்து வருவதில்லை. சிகிச்சை போய்ச் சேரும் நேரத்தில்தான் சாதி இருக்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே ரோடு. ஆனால் லீவு எடுத்தால் கூலி போகும், இரண்டு முறை எடுத்தால் வேலையே போகும். சேரியிலிருந்து யாரை கான்ட்ராக்டில் எடுக்கிறார்கள், யாரைப் பர்மனன்ட் ஆக்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். "சோம்பேறி" என்ற சொல் யார் முதுகில் சுலபமாக ஒட்டும் என்பதும் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் இழைகளில் பலவற்றைக் காப்பாற்றலாம். அவர் இழந்த அந்த ஓராண்டை நோய் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் இயக்கங்கள்மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. ரத்தம் தெரிந்தால் ஓடுகிறோம். உள்ளே அறுகிற நரம்புக்கு மனு எழுதுவதில்லை. 34ஆம் பிரிவில் இந்த நோயைச் சேர்க்கக் கேட்போம். சான்றிதழ் முகாமில் எழுத்து அட்டையோடு நிறம், மங்கல் வெளிச்சப் பார்வை, ஓசிடி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்வோம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இஎஸ்ஐ உண்டு. அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது அடித்தளம் போட்ட உரிமை அது. கார்டு கேளுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: சொல்வதை எழுதுபவரைக் கேட்க 40 சதவீதம் தேவையில்லை என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது.

காலனியில் யாராவது "ஒரு கண்ணு வலிக்குது, சிவப்பு வெளுத்துத் தெரியுது" என்றால் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கவும் விடாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடமும் நரம்பு மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். கூலி போகிறதே என்று தயங்கினால், அந்த ஒரு நாள் கூலியை நாம் சேர்ந்து போடுவோம்.

ஜெய்பீம்.