'எப்படியோ' பார்க்காத படம்

சினிமா ரசிகர்கள் கூடும் இடங்களில் ஒரு விளையாட்டு உண்டு. ஊரே பார்த்த, நீ மட்டும் பார்க்காத படம் எது என்று ஒருவர் கேட்பார். ஒருவர் 'காட்ஃபாதர்' என்பார். "அடப்பாவி!" என்று கூட்டம் சிரிக்கும். இன்னொருவர் 'ஷோலே' என்பார். மூன்றாமவர் 'நாயகன்' என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிவார். எப்படி விட்டாய் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "தெரியல, எப்படியோ விட்டுப்போச்சு."

இந்த 'எப்படியோ'வோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் கூட்டங்களில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர்கூட 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டதாலா? சத்தியமாக இல்லை. அதைப் பார்க்காமல் இருப்பது வெளியே சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு ஒரு குறை என்றே யாருக்கும் தோன்றவில்லை. 'காட்ஃபாதர்' பார்க்காதவருக்குக் கொஞ்சம் வெட்கமாவது இருக்கிறது. அம்பேத்கர் படத்தைப் பார்க்காதவருக்கு அதுவும் கிடையாது. எதைப் பார்க்காவிட்டால் வெட்கப்பட வேண்டும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

ஆர்வத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்து, ஆளில்லாமல் போன சின்னப் படமல்ல இது. இயக்கியவர் ஜப்பார் படேல். அம்பேத்கராக நடித்தவர் மம்முட்டி. ரமாபாயாக சோனாலி குல்கர்னி. ஒளிப்பதிவு 'பேண்டிட் குயின்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அசோக் மேத்தா. எழுத்தில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் 'சலாம் பாம்பே' எழுதிய சூனி தாராபூர்வாலா, இன்னொருவர் 'பலுதம்' என்ற தன்வரலாற்றால் மராத்தி இலக்கியத்தை உலுக்கிய தலித் எழுத்தாளர் தயா பவார். ஒன்றிய அரசின் சமூக நீதித் துறையும் மகாராஷ்டிர அரசும் பணம் போட்டன. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது. 1998-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகர், சிறந்த கலை இயக்கம் என்று மூன்று விருதுகள் இதற்குக் கிடைத்தன. மம்முட்டியின் ரசிகர்களைக் கேளுங்கள், அவருடைய தேசிய விருதுகளை விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அதில் ஒரு விருது எந்தப் படத்துக்கு என்பதும் அவர்களுக்குத் தெரியும். படம் பார்த்தாயா என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும்.

அரசே எடுத்து, அரசே விருது கொடுத்த படம் தமிழ்நாட்டுத் திரையரங்குக்குத் தமிழில் வந்தது எப்போது தெரியுமா? 2010 டிசம்பரில். விருது பெற்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. அதுவும் தானாக வரவில்லை. தமிழில் குரல்சேர்த்த பிரதி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வழக்கறிஞர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முற்போக்கு எழுத்தாளர்களும் தலித் இயக்கங்களும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். அப்புறம்தான் சில திரையரங்குகளின் கதவு திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'எந்திரன்' உலகெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஒன்று வியாபாரப் படம், வியாபாரிகள் வெளியிட்டார்கள். இன்னொன்று மக்கள் பணத்தில் மக்களுக்காக எடுத்த படம். அதை மக்களிடம் கொண்டுவர நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் 'எப்படியோ விட்டுப்போச்சு' என்றால், தீண்டாமைக்கும் 'எப்படியோ தொடாம விட்டுப்போச்சு' என்று பெயர் வைத்துவிடலாம்.

சிலர் உடனே சொல்வார்கள்: வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் அப்படித்தான், மூன்று மணி நேரம் யார் உட்காருவார்கள், வறட்டுப் படம், பிரச்சாரப் படம்.

சரி. ரிச்சர்டு அட்டன்பரோவின் 'காந்தி' (1982) எவ்வளவு நேரம்? மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதுவும் வாழ்க்கை வரலாறு. அதிலும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம் உண்டு. 8 ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்துக்கு உட்கார நம்மிடம் நேரம் இருந்தது. அதைப் பார்க்காதவன் அரைகுறை ரசிகன் என்று ஒத்துக்கொள்ளவும் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அவ்வளவு நீளப் படத்தில் அம்பேத்கர் என்று ஒரு பாத்திரமே இல்லை. பூனா ஒப்பந்தம் என்ற ஒன்று அந்தக் கதைக்குள் நடக்கவே இல்லை. ஒருவரை முழுவதுமாக வெட்டி எறிந்த வரலாறு உலக சினிமா ஆனது. அந்த வெட்டுப்பட்ட பக்கத்தை எடுத்துக் காட்டிய வரலாறு பிரச்சாரம் ஆனது. நீளமோ வறட்சியோ இங்கே பிரச்சினை இல்லை, தோழர்களே. யாருடைய வாழ்க்கை எல்லோருக்கும் பொதுவானது, யாருடைய வாழ்க்கை 'அவங்க ஆளுங்க விஷயம்' என்பதுதான் பிரச்சினை.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு கல்லூரியில் இந்தப் படத்தைத் திரையிட அனுமதி கேட்டோம். 'அரசியல் படமெல்லாம் வேண்டாம், வீண் பிரச்சினை வரும்' என்றார்கள். இந்தியாவின் சட்ட அமைச்சராக இருந்தவரைப் பற்றி, இந்திய அரசு எடுத்து, இந்திய அரசே விருது கொடுத்த படம் என்று எடுத்துச் சொன்னோம். 'அதெல்லாம் சரிதான், ஆனா வேண்டாம்' என்று பதில் வந்தது. அந்த 'ஆனா'வுக்கு மேல் அவர்களும் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படவும் இல்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் நாகரிகமானது. ரசனை தனிப்பட்டது, கடமைக்காகப் படம் பார்க்கச் சொல்லாதீர்கள் என்பது. நியாயமான வாதம்போலத் தெரியும். ஆனால் 'சிட்டிசன் கேன்' பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு யாரும் தாய் வயிற்றிலிருந்து வரவில்லை. யாரோ பட்டியல் போட்டார்கள், யாரோ மேடையில் பேசினார்கள், யாரோ புத்தகம் எழுதினார்கள். பார்க்காவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்று பயந்துதான் பாதிப் பேர் பார்த்தோம். பார்த்த பிறகு அதில் பலவற்றை உண்மையாகவே நேசிக்கவும் செய்தோம். ரசனை கற்றுத்தரப்படுவது. கற்றுத்தரும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதற்கு உலக சினிமாவிலிருந்தே சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து மிகச்சிறந்த படங்களின் பட்டியல் வெளியிடுகிறது. 2012-இல் வாக்களித்தவர்கள் 846 பேர். 2022-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. யாரிடம் கேட்பது என்பதையும் விரித்தார்கள். விளைவு? 2012-இல் முதல் 30 இடங்களில்கூட இல்லாத, ஷாந்தால் ஆகர்மான் என்ற பெண் இயக்கிய 'ஷான் தில்மான்' முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண்ணின் படம் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. படம் 1975-இல் எடுத்தது. 47 ஆண்டுகளில் அதில் ஒரு காட்சிகூட மாறவில்லை. வாக்குச்சீட்டு யார் கையில் இருந்தது என்பதுதான் மாறியது. நம் ஊர் 'பார்த்தே ஆக வேண்டிய 100 படங்கள்' பட்டியல்களைப் போடுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஒரு படத்தோடு இது முடியவில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி என்ற தலித் பெண். நாயர் பெண்ணாக வேடமிட்ட குற்றத்துக்காக அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. யார் நினைத்தாலும் பார்க்க முடியாது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) மலக்குழியில் இறங்கிச் சாகும் மனிதர்களைப் பற்றியது. பல இடங்களில் அதன் திரையிடலுக்குக் காவல்துறை தடை போட்டது. பிறகு அது யூடியூபில் காசில்லாமல் கிடைத்தது. அப்படிக் கிடைத்தும் எத்தனை சினிமா ரசிகர்கள் பார்த்தார்கள்? ரோஸியின் படத்தைப் பார்க்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். 'கக்கூஸ்' பார்க்காததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இதுவரை அடுத்த தெருவைப் பேசினேன். இனி நம் தெருவுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

ஏப்ரல் 14 வந்தால் நம் கைபேசிகள் நீலமாகின்றன. முகப்புப் படத்தில் அம்பேத்கர், ஸ்டேட்டஸில் அம்பேத்கர். அதில் எத்தனையோ படங்களில் இருப்பது மம்முட்டியின் முகம். இந்தப் படத்திலிருந்து வெட்டியெடுத்த நிழற்படங்கள், இருபது நொடித் துணுக்குகள், பின்னணியில் ஒரு அதிரடி இசை. பகிர்கிற தம்பி தங்கைகளிடம் கேட்டிருக்கிறேன். "முழுசா பாத்தீங்களா?" "இல்ல தோழர், கிளிப்ஸ் பாத்திருக்கேன்."

தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருப்பதைப் பார்த்து நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டும். ஆனால் இருபது நொடித் துணுக்கும் ஒரு கூண்டுதான். அதற்குள் அவர் விரலை உயர்த்தியபடி நிற்கிறார், அவ்வளவுதான். நடக்க மாட்டார், தடுமாற மாட்டார், தோற்க மாட்டார். தோற்காத மனிதரிடம் நாம் என்ன கற்றுக்கொள்ள முடியும்? கும்பிடத்தான் முடியும். தன்னைக் கும்பிடாதே என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரை!

படத்தில் அவர் நடக்கிறார். வெளிநாட்டில் படிக்கப் போனவருக்கும், குடும்பத்தைத் தனியாகச் சுமந்த ரமாபாய்க்கும் நடுவே கிடக்கும் தூரத்தை சோனாலி குல்கர்னியின் முகத்தில் பார்க்கலாம். மகாத் குளத்துக்குப் போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். 1927 மார்ச்சில் அந்த ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடிக்க எவ்வளவு பேர் எவ்வளவு பயத்தை விழுங்க வேண்டியிருந்தது என்பது பாடப்புத்தகத்தின் ஒற்றை வரியில் தெரியாது. 1932-இல் எரவாடா சிறையில் காந்தியின் உயிர் ஒரு தட்டில், நம் தனி வாக்காளர் தொகுதி இன்னொரு தட்டில். நாடே ஒரு மனிதரைப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று நெருக்குகிறது. அந்த நெருக்கடியை மம்முட்டி கத்தாமல் தாங்கி நடித்திருக்கிறார். இரட்டை வாக்குரிமையை நாம் எப்படி இழந்தோம் என்று முழங்குகிற இளைஞர்கள், அந்தக் கையெழுத்தின் கனத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் பேச்சின் தரமே மாறும்.

குறையில்லாத படம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பத்தைந்து ஆண்டுகளை மூன்று மணி நேரத்தில் அடக்கப் பார்ப்பதால் பல இடங்களில் ஓட்டமாக ஓடுகிறது. அரசுப் பணத்தில் எடுத்த படத்துக்கு இருக்கும் அடக்கவொடுக்கம் இதற்கும் உண்டு. இன்று ஒரு தலித் இயக்குநர் எடுத்தால் வேறு மாதிரி எடுப்பார், எடுக்கவும் வேண்டும். ஆனால் இந்தக் குறைகளைப் பேசுகிற உரிமை பார்த்தவருக்குத்தான் உண்டு. பார்க்காமலே 'போரடிக்கும்' என்று ஒதுக்குவதும், படிக்காமலே 'ரிசர்வேஷன்ல வந்தவன்' என்று ஒதுக்குவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள்.

பத்தாண்டுகளுக்கு மேல் இந்தப் படத்தை நம் கண்ணில் படாமல் வைத்திருந்தது அவர்கள். 2010-க்குப் பிறகும் பார்க்காமல் இருப்பது நாம். தேடினால் கிடைக்கிறது. கைபேசியில் தனியாகப் பார்ப்பதைவிட ஊரோடு பார்ப்பது நல்லது. வருகிற ஏப்ரல் 14-இல் பறை அடியுங்கள், கொடி கட்டுங்கள், மாலை போடுங்கள். ராத்திரி ஏழு மணிக்குச் சிலை இருக்கும் இடத்திலேயே ஒரு வெள்ளைத்துணி கட்டி, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, படத்தைப் போடுங்கள். அம்மாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எதிர்த்தெரு நண்பர்களையும் கூப்பிடுங்கள். வராதவர் யார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள். பூனாவில் அவர் கையெழுத்துப் போட்டது சரியா என்று சண்டை போடுங்கள். அந்தச் சண்டைதான் அவரைக் கூண்டிலிருந்து வெளியே கொண்டுவரும்.